திரும்பியிருந்த செருப்பு

சாத்தூரைத் தாண்டி இருக்கன்குடிப் பாதையில் வேன் திரும்பியபோது வள்ளித்தாய்க்கு அந்த நெடி வந்தது. நனைந்த வெடிமருந்தின் நெடி. பழைய மூத்திரமும் இரும்புத் துருவும் கலந்ததுபோல மூக்கின் உள்ளே ஏறி நின்று உறைக்கிற வாடை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலந்து வைத்த மருந்தில் ஈரம் பட்டு, அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும்போது வருவது. அது வந்தால் யாரும் யாரையும் என்னவென்று கேட்பதில்லை. எழுந்து ஓடுவார்கள்.

ஆனால் இது வேன். தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த கார்த்திகை மாதம். ஊரில் ஒருவர் கையிலும் மருந்து இல்லை. விரல் இடுக்குகளில் வருடம் முழுவதும் ஒட்டிக் கிடக்கிற அலுமினியச் சாம்பல்கூட எல்லோருக்கும் மங்கிப் போயிருந்தது.

"ஏளா, ஒனக்கு எதும் வாடை அடிக்குதா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

முன்சீட்டில் இருந்த தங்கை செல்வலட்சுமி திரும்பினாள். தலை நிறையப் பிச்சிப்பூ. "எனக்கு இப்ப எல்லாந்தான் வாடையடிக்கி. டீத்தூளு, கடுகு தாளிக்கிறது, இவுக சட்டை. நீ எதக் கேக்க?"

"மருந்து நனைஞ்ச வாடை."

"லீவு விட்டும் ஒன்னய கம்பெனி விட மாட்டேங்குதே அக்கா!" என்று அவள் சிரித்தாள்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த புகழேந்தி கண்ணாடியில் வள்ளித்தாயைப் பார்த்தான். "முகைதீன் பாய் வண்டில்ல மதினி. வத்தல் மூடை ஏத்துற வண்டி. அந்தக் காரமாத்தான் இருக்கும்."

வத்தல் நெடி தும்மலைக் கொண்டுவரும். இதில் தும்மல் வரவில்லை. வள்ளித்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கடலைப் பார்க்க வேண்டும் என்பது செல்வலட்சுமியின் மசக்கை ஆசை. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. மாங்காய் கேட்கவில்லை, சாம்பல் கேட்கவில்லை, கடல் கேட்டாள். புகழேந்தி அன்றைக்கே ஆமத்தூரிலிருந்து விருதுநகருக்கு சைக்கிள் மிதித்துப் போய் பாயிடம் வண்டி கேட்டு வந்தான். துணைக்கு அக்காவும் வர வேண்டும் என்றாள் செல்வலட்சுமி. வள்ளித்தாய் மறுக்கத்தான் நினைத்தாள். மறுத்தால் என்ன பேசுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். வள்ளித்தாய்க்கு மூத்தவர் முத்துக்கருப்பன். செல்வலட்சுமிக்கு இளையவன் புகழேந்தி. ஒரே நாளில் கல்யாணம், ஒரே தெருவில் வீடு, ஒரே கம்பெனியில் வேலை. ஆண்கள் இருவருக்கும் மருந்து சலிக்கிற அறை, பெண்கள் இருவருக்கும் திரி வெட்டுகிற கொட்டகை.

மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. அடியில் ஒட்டிய ஒரு மணல் உரசினாலே போதும். அறைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிற வேப்பமரத்தடியில் வரிசையாகக் கழற்றிவிட்டு, வாசலில் விரித்த ஈரச்சாக்கை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று போர்மேன் எட்டிப் பார்ப்பதில்லை. மரத்தடியைப் பார்ப்பார். வெடித்த பிறகும் அப்படித்தான். முகத்தைப் பார்த்து ஆள் சொல்ல முடியாமல் போகிறபோது, மரத்தடியில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு விழுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் அந்த அறை வெடித்துப் போனது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மரத்தடியில் புகழேந்தியின் நீல வார் செருப்பு கிடந்தது. முத்துக்கருப்பனின் பழுப்புச் செருப்பு இல்லை. செல்வலட்சுமி மண்ணில் விழுந்து புரண்டாள். வள்ளித்தாய் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். புகை அடங்காத அந்த வெயிலில் அவளுக்குள் குளுகுளுவென்று ஒன்று இறங்கியது. என்னுடையவர் இல்லை. என்னுடையவர் இல்லை. அப்போது கிணற்றுப் பக்கமிருந்து தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு புகழேந்தி ஓடி வந்தான். அவன் காலில் அண்ணனின் பழுப்புச் செருப்பு இருந்தது. அவசரத்தில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போயிருந்தான்.

அந்தப் பழுப்புச் செருப்பைத்தான் வள்ளித்தாய் இப்போதும் போட்டிருந்தாள். செத்தவர் செருப்பை வீட்டில் வைக்காதே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அளவு பெரியது. நடக்கும்போது அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வருவதுபோல டப் டப்பென்று அடிக்கும். நீல வார் செருப்பைத் தூக்கிப் போடச் செல்வலட்சுமியும் விடவில்லை. வார் அறுந்தபோது ஊக்குக் குத்திக் கொடுத்தாள். "எந் தாலிய நிப்பாட்டுன செருப்பு" என்று அக்காவின் முன்னாலேயே சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை. அவள் எதையும் யோசித்துச் சொன்னதில்லை. யோசிக்க வேண்டிய தேவை வராதவள்.

மரத்தடியில் யார் செருப்பு கிடந்ததோ அவன்தானே போயிருக்க வேண்டும்? வள்ளித்தாய் இதை வெளியே யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் தெருவின் அந்தப் பக்கத்தில் தங்கை வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது அவளுக்குள் தானாகக் கேட்கும்.

இருக்கன்குடியில் செல்வலட்சுமி தொட்டில் கட்டினாள். முத்துக்கருப்பனின் நெஞ்சுச் சளிக்காக வள்ளித்தாயும் ஒரு காலத்தில் இதே மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டவள்தான். கோயிலுக்குள் போகாமல் ஆற்று மணலில் ஒரு மரநிழலில் நின்றாள். வேனை விட்டு இறங்கிய பிறகும் அந்த நெடி கூடவே வந்தது.

எட்டயபுரம், விளாத்திகுளம். கரிசல் காடு ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. கருவேல மரங்களுக்கு நடுவே கரிமூட்டம் போட்ட இடங்களில் நீலப் புகை எழும்பாமல் தரையோடு படுத்திருந்தது. புகழேந்தி பள்ளங்களில் வண்டியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் இடது கையை நீட்டி மனைவியின் வயிற்றுக்கு முன்னால் தடுப்பாகப் பிடித்தான். பிறகு ஞாபகம் வந்தவனாக, "மதினி, நல்லாப் பிடிச்சுக்கோங்க" என்பான். ஒவ்வொரு பள்ளத்திலும் முதலில் அந்தக் கை. அப்புறம் இந்தச் சொல். வள்ளித்தாய் அடுத்த பள்ளத்துக்காகக் காத்திருந்து அதைப் பார்த்தாள்.

வேம்பாருக்குத் தெற்கே கடல் வந்தது. செல்வலட்சுமி சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள். முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்று, "ஏங்க, இம்புட்டா! இம்புட்டுத் தண்ணியா!" என்றாள். கரை நெடுகச் செருப்புகள் ஒதுங்கிக் கிடந்தன. ஒற்றைச் செருப்புகள். உப்பில் நிறம் போனவை, சிப்பி ஒட்டியவை, கப்பலில் யாரோ தவறவிட்டவை. எங்கெங்கோ போனவர்களின் மறு கால்கள். வள்ளித்தாய் அவற்றை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு இடிந்த கோட்டை தெரிந்தது. பாதியைக் கடல் தின்றிருந்தது. மீதி, பவளக்கல்லும் சுண்ணாம்புமாகக் கறுத்துக் கரையில் உட்கார்ந்திருந்தது. ரோட்டோரம் டீக்கடை போட்டிருந்த ராக்காயி என்ற அம்மாளிடம் புகழேந்தி கேட்டான்.

"உப்பங்கோட்டைன்னு சொல்லுவாக. எந்த ராசா கட்டுனதோ, எந்த வெள்ளக்காரன் கட்டுனதோ. பாக்க என்ன இருக்கு? வெயில் வந்தா ஆடு ஒதுங்கும்" என்றாள் அவள். கிளாசைக் கழுவிக்கொண்டே, "அந்தக் கடைசி ரூம்புல மட்டும் ஆடும் ஒதுங்காது. போறதுன்னா செருப்பக் கழட்டிராதீக. முள்ளு."

"முள்ளுக்குப் பயந்தவுகளா நாங்க?" என்றாள் செல்வலட்சுமி. "வெடிக்கே பயப்பட மாட்டோம்."

"வாய மூடு" என்றாள் வள்ளித்தாய்.

"ஆத்தாடி, அக்காவுக்குக் கோவத்தப் பாரு."

கோட்டைக்குள் மணல் ஏறியிருந்தது. கூரையில்லாத அறைகளில் ஆட்டுப் புழுக்கையும் எருக்கும். சுவரின் மேலே காகங்கள் வரிசையாக உட்கார்ந்து சத்தமில்லாமல் கடலைப் பார்த்தன. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடைசி அறை மட்டும் முழுசாக நின்றது. மற்ற கட்டடங்களிலிருந்து விலகி, தனியாக.

புகழேந்தி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சுவரைக் கையால் தட்டினான். "மதினி, இங்கன வந்து பாருங்களேன். எம்புட்டுக் கனம் சுவரு! ஆனா மேல பாருங்க, ஓடு மாதிரி லேசா வச்சுருக்கான். வெடிச்சா மேல போகட்டும்னு. காத்து ஓட்டை நேரா இல்ல, வளைச்சு விட்டுருக்கான், பொறி பறந்து உள்ள வந்துரக் கூடாதுன்னு." அவன் குரலில் ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம். "இது மருந்து ரூம்பு. பீரங்கி மருந்து வச்ச ரூம்பு."

"அப்ப நம்ம கம்பெனிதான்" என்றாள் செல்வலட்சுமி.

நெடி இங்கே கனமாக இருந்தது. நாக்கில் ருசி தெரிகிற அளவுக்கு. மற்ற இரண்டு பேரும் மூக்கைச் சுளிக்கவேயில்லை.

அறையின் முன்னால், கொஞ்சம் தள்ளி, செருப்புகள் வரிசையாக இருந்தன.

கரையில் பார்த்த அதே ஒற்றைச் செருப்புகள். உப்பேறியவை, பாசி பிடித்தவை. ஆனால் யாரும் வீசியெறிந்தவையல்ல. ஒன்றையொன்று ஒட்டி, நூல் பிடித்ததுபோல, எல்லாம் வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே போனவர்கள் கழற்றிவிட்டுப் போனதுபோல.

"பயலுக வெளையாண்டுருக்கானுக" என்றான் புகழேந்தி. சொல்லிக்கொண்டே, அந்த வரிசையின் கடைசியில் நின்று, நீல வார் செருப்பைக் கழற்றினான். செல்வலட்சுமியும் பக்கத்தில் தன் சிவப்புச் செருப்பைக் கழற்றினாள். இரண்டு பேரும் யோசிக்கவில்லை. மருந்து அறை என்றதும் கால் தானாகச் செய்தது. வாசலில் ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. அதையும் மிதித்துவிட்டு உள்ளே போனார்கள்.

சாக்கிலிருந்து தண்ணீர் பிதுங்கியது.

வள்ளித்தாய் அதைப் பார்த்தாள். சுற்றிலும் மணல் காய்ந்து பொரிந்து கிடந்தது. அலை எங்கோ தொலைவில். சாக்கு மட்டும் இப்போதுதான் நனைத்துப் போட்டதுபோல ஈரமாக இருந்தது.

"அக்கா, நீயும் வாயேன். உள்ள குளுகுளுன்னு இருக்கு!"

"நீங்க பாத்துட்டு வாங்க."

உள்ளே அவர்கள் பேசுகிற சத்தம் சுவருக்குள் புதைந்து வந்தது. செல்வலட்சுமி எதற்கோ சிரித்தாள். புகழேந்தி எதுவோ சொன்னான். அவள் மறுபடி சிரித்தாள். வள்ளித்தாய் வெயிலில் நின்றாள். இரண்டு ஜோடிச் செருப்புகளும் தோள் உரசி உட்கார்ந்ததுபோல ஒட்டிக் கிடந்தன. நீல வாரில் குத்தியிருந்த ஊக்கு வெயிலில் மின்னியது.

அப்போது இன்னொரு சத்தம் வந்தது. அலை என்றுதான் முதலில் நினைத்தாள். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. ஆனால் அலை இவ்வளவு பக்கத்தில் இல்லை. அலை இவ்வளவு ஒழுங்காகவும் வராது. சல்லடை. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சல்லடையைப் பிடித்து மெதுவாக ஆட்டுகிற சத்தம்.

அதற்கு நடுவே ஒரு செருமல்.

சின்னதாக ஒன்று. உடனே இன்னொன்று. பிறகு நெஞ்சிலிருந்து இழுத்து வருகிற நீளமான ஒன்று.

 வள்ளித்தாய்க்குப் பயம் வரவில்லை. அந்தச் செருமலைக் கேட்டுக் கண் விழித்த காலைகள் அவளுக்கு எத்தனையோ. மருந்துத் தூசி நெஞ்சில் ஏறி, சாப்பாட்டுக்கு நடுவே, பேச்சுக்கு நடுவே, இருட்டில் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு முத்துக்கருப்பன் செருமுவது. அதற்காகத்தான் இருக்கன்குடியில் நேர்ந்துகொண்டது.

அவர் உள்ளே இருந்தார்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு மரத்தடியில் கிடந்தது புகழேந்தியின் செருப்பு. உள்ளே இருந்தது இவர். தப்பு அங்கேதான் நடந்தது. இன்றைக்கு வரிசையில் கிடப்பது புகழேந்தியின் செருப்பு. உள்ளே இருப்பதும் புகழேந்தி. இன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் இவரை இங்கே வைத்திருக்க வேண்டியதில்லை. இவர் வெளியே வரலாம். வருகிறவருக்குக் காலில் போட ஒன்று வேண்டும். அது இல்லாமல்தான் இத்தனை நாள் உள்ளேயே இருக்கிறார்.

அவள் பழுப்புச் செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் மணலைத் துடைத்தாள். வாசலுக்குப் பக்கத்தில், வெளியே வருகிறவர் அப்படியே கால் நுழைத்துக்கொள்ள வசதியாக, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தாள். விருந்தாளி கிளம்பும்போது வைப்பதுபோல.

சல்லடைச் சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள்.

வாசல் இருட்டில் ஒரு கால் தெரிந்தது. ஆம்பிளைக் கால். சாக்கை மிதித்து வெளியே வந்தது.

"செல்விக்குத் தலைய சுத்துதாம் மதினி. தண்ணி பாட்டில வண்டியிலயே வச்சுட்டேன்." புகழேந்தி குனியாமலே, பாராமலே, திரும்பியிருந்த பழுப்புச் செருப்பில் காலை நுழைத்தான். "உக்காத்தி வச்சுருக்கேன். செத்த பாத்துக்கோங்க." டப் டப்பென்று மணலில் ஓடினான்.

தம்பி, அது அவரு செருப்பு. கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் தொலைவில் இருந்தான். தண்ணீர் எடுக்க, அண்ணன் செருப்பில், அவன் ஓடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் தண்ணீருக்குப் போனதை அவள் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தாள்.

வரிசையில் நீல வார் செருப்பு கிடந்தது. அவன் இல்லை. பக்கத்தில் சிவப்புச் செருப்பு. அவள் உள்ளே.

சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது.

"ஏளா செல்வி!"

 மருந்து அறையில் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். தலையைத் திருப்பினால் கை ஆடும்.

வெறுங்காலோடு சாக்கை மிதித்தாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

உள்ளே இருட்டு. வளைந்த ஓட்டைகள் வழியாகச் சாம்பல் போல விழுந்த கொஞ்சம் வெளிச்சம். கண் பழகியது.

முதுகுகள்.

குத்தவைத்து உட்கார்ந்த முதுகுகள். வரிசையாக. சுவரைப் பார்த்து. தலையில் துண்டு கட்டியவை, தலை நரைத்தவை. அவளுக்குத் தெரியாத தலைப்பாகைகள். இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்தவை. எல்லாவற்றின் மேலும் வெள்ளி போல அலுமினியத் தூசி. ஒன்றும் திரும்பவில்லை. கைகள் மட்டும். இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

வரிசையின் முனையில் அவர். கழுத்துக்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்த பழைய தழும்பு. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருந்தார். விட்ட இடத்தில் செல்வலட்சுமி. முழங்காலைக் கட்டாமல், வயிற்றுக்கு இடம் விட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே சல்லடை. ஒரு பக்கம் அவர் கை. மறுபக்கம் இவள் கை. தோளும் தோளும் ஒட்டியிருந்தன. பிச்சிப்பூவில் வெள்ளித் தூசி.

வள்ளித்தாய் அலறியிருக்க வேண்டும். அலறல் வரவில்லை. வந்தது வேறு. தெருவின் அந்தப் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்கும்போது வருகிற அதே ஒன்று. இங்கேயுமா? இங்கேயும் இவளுக்கா?

"நகரு" என்றாள். "எந்திருச்சு வெளிய போ. அது என் எடம்."

செல்வலட்சுமி தலையைத் திருப்பவில்லை. குரல் மட்டும் வந்தது. எப்போதும்போல, யோசிக்காத குரல்.

"எடமில்லக்கா. ரூம்பு நெறஞ்சிருச்சு. நீ வெளிய இரு."

பக்கத்தில் அவர் செருமினார். ஆமாம் என்பதுபோல.

புகழேந்தி தண்ணீர் பாட்டிலோடு வந்தபோது அறையில் வள்ளித்தாய் மட்டும் நின்றிருந்தாள். ஆட்டுப் புழுக்கைகூட இல்லாத வெறுந்தரை. சுவரின் மூலையில் கொஞ்சம் பிச்சிப்பூ உதிர்ந்து கிடந்தது. "செல்வி எங்க மதினி?" என்றான். பிறகு அதையே கத்தினான். பிறகு கோட்டை முழுக்க, கரை முழுக்க, தொண்டை கிழிய.

வேம்பார் மீன்காரர்கள் படகு இறக்கித் தேடினார்கள். போலீசு வந்தது. தலைசுற்றல்காரி, கடல் பக்கம் போயிருப்பாள், அலை இழுத்திருக்கும் என்றார்கள். காலடி எதுவும் கடல் பக்கம் போகவில்லை என்று புகழேந்தி அழுதான். அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தான். பழுப்புச் செருப்பை வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து வள்ளித்தாயைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவளை மதினி என்று அவன் கூப்பிடவில்லை. அந்தப் பழுப்புச் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்குப் பலம் உள்ள மட்டும் கடலுக்குள் வீசிவிட்டு, தன் நீல வார் செருப்பை மாட்டிக்கொண்டான். கொஞ்ச நாளில் ஊரைவிட்டே போய்விட்டான். திருப்பூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வள்ளித்தாய் ஒவ்வொரு வருடமும் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியதும் பஸ் ஏறி அங்கே போகிறாள். ராக்காயி இப்போது எதுவும் கேட்பதில்லை. டீயைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

முதல் வருடம் போனபோது வரிசையின் கடைசியில் சிவப்புச் செருப்பு அப்படியே இருந்தது. அதையொட்டி, கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட, பழுப்புச் செருப்பும் இருந்தது. இரண்டும் வாசலைப் பார்த்து. இரண்டுக்கும் நடுவே, ஒரு விரல் நீளத்தில், குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆசைக்கு வாங்கிப் போடுவது.

அவள் தன் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தாள். முனை வாசலைப் பார்க்க. உட்கார்ந்து காத்திருந்தாள். உள்ளே சல்லடை ஆடியது. அவர் செருமினார். செல்வலட்சுமி எதற்கோ சிரித்தாள். வெயில் இறங்கிய பிறகு எழுந்து பார்த்தால், அவளுடைய செருப்பு மட்டும் திரும்பியிருந்தது. முனை ரோட்டைப் பார்த்து. கிளம்பு என்று.

அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும். அவள் வாசலைப் பார்க்க வைப்பாள். போகும்போது ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நடுவில் இருக்கிற சின்னச் செருப்பு மட்டும் ஒவ்வொரு வருடமும் பெரிதாகியிருக்கும். பூப்போட்டது ஒரு வருடம். மிதித்தால் கீச்சென்று கத்துகிறது ஒரு வருடம். அந்த வருடம் சல்லடைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கீச்சொலியும் வந்தது. செருப்பு வெளியேதான் இருந்தது.

யாருக்குப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை? அவர் மடியில்தானே இருக்கும்? யாரை அப்பா என்று கூப்பிடும்? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் வள்ளித்தாய் இதையே நினைத்துக்கொண்டு வருவாள். பயத்துக்கு அவளுக்குள் இடமே மிஞ்சவில்லை.

இந்த வருடம் மழை பிந்தியிருந்தது. கோட்டையின் கடல் பக்கத்துச் சுவர் இன்னும் கொஞ்சம் விழுந்திருந்தது. அவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வைத்தாள். உட்கார்ந்தாள். நெடி வழக்கம்போல நாக்கில் படிந்தது. காகங்கள் கடலைப் பார்த்தன.

வெயில் இறங்கியது. எழுந்தாள். குனிந்து பார்த்தாள்.

அவளுடைய செருப்பு திரும்பவில்லை. வைத்தபடியே வாசலைப் பார்த்திருந்தது.

கடைசியில் இடம் கொடுத்துவிட்டார்கள்.  அவர் நகர்ந்து உட்கார்ந்திருப்பார். அவள் சேலையை உதறிக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

நடுவில் இருந்த சின்னச் செருப்பு இடம் மாறியிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில். முனை அவளைப் பார்த்து. வெளியே வருகிறவர் அப்படியே கால் நுழைத்துக்கொள்ள வசதியாக.

உள்ளே ஒருவர் எழுந்தால்தான் ஒருவருக்கு இடம்.

சல்லடைச் சத்தம் நின்றது.

செருமல் இல்லை. சிரிப்பு இல்லை. அலைகூட இல்லை. உள்ளே இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி வாசலைப் பார்ப்பதுபோல ஒரு அமைதி.

வாசலில் கிடந்த ஈரச்சாக்கில், சின்னதாக ஒரு பாதம் அளவுக்குக் குழி விழுந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் பிதுங்கியது.

பிறகு, அதற்கு முன்னால், இன்னொரு குழி.